விமானம் நிற்குது, விமானி எங்கே? உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும் ஒரு வரிசை எண்

சென்னையில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானம் மாறி மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போவது உங்கள் குடும்ப வழக்கமா? அப்படியென்றால் 2025 டிசம்பர் முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் 1,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது.

வானிலை, தொழில்நுட்பக் கோளாறு என நிறுவனம் பல காரணங்களைச் சொன்னது. ஆனால் முக்கியக் காரணம் விமானிகளின் ஓய்வு நேரம். வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவில் ஒரு விமானி தரையிறக்கக்கூடிய எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இந்தப் புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அடுத்த மாதமே விமானங்களை ஓட்ட ஆள் போதவில்லை.

இத்தனைக்கும் விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இருந்ததே, அதற்குள் ஆள் எடுத்திருக்கக் கூடாதா? நியாயமான கேள்விதான். இண்டிகோவின் திட்டமிடலுக்குக் கடுமையான விமர்சனமும் வந்தது. ஆனால் விமானிகளைச் சேர்ப்பது, கடையில் கூடுதலாக இரண்டு பேரை வேலைக்கு வைப்பது போல அல்ல.

ஒருவர் ஓய்வு பெற்றால் ஐந்து பேருக்குப் பயிற்சி

போயிங் 737 ஓட்டுகிறவரை நாளைக்கே ஏர்பஸ் ஏ350-இல் உட்கார வைக்க முடியாது. ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதி வேண்டும். அதற்கு வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயிற்றுநருடன் உண்மையான பயணம் எனப் பல வாரங்கள் ஆகும்.

ஒரு நிறுவனத்தில் 65 வயதான ஏ350 கேப்டன் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இடத்துக்கு ஏ330 கேப்டன் போகிறார். அந்த இடத்துக்கு 737 கேப்டன் வருகிறார். 737-இல் துணை விமானியாக இருந்தவர் கேப்டன் ஆகிறார். அவருடைய நாற்காலிக்கு, சிறிய ஏடிஆர் விமானம் ஓட்டும் ஒருவரை எடுக்கிறார்கள். ஏடிஆர் நாற்காலிக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு புதியவர் வருகிறார்.

ஆக, ஒருவர் போனதற்கு ஐந்து பேருக்குப் பயிற்சி. அந்த ஐந்து பேரும் பயிற்சியில் இருக்கும்போது பயணிகளை ஏற்றிப் பறக்கும் கணக்கில் வர மாட்டார்கள். பயிற்சி கொடுப்பவரும் ஒரு கேப்டன்தான், அவருடைய நேரமும் இதில் போகிறது. பட்டியலில் ஆயிரக்கணக்கான விமானிகள் இருந்தும் ‘ஆள் இல்லை’ என்று ஒரு நிறுவனம் சொல்வது இதனால்தான்.

சீனியாரிட்டி எண்: திறமை அல்ல, தேதி

இந்தச் சங்கிலியில் யார் முன்னே நகர்வது? அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் இதற்கு ஒரே பதில்தான்: பணிமூப்பு எண். நீங்கள் வேலையில் சேர்ந்த தேதியை வைத்து ஓர் எண் கிடைக்கும். எந்த விமானம், எந்த ஊரைத் தளமாகக் கொண்டு வேலை, எப்போது கேப்டன் பதவி, எந்த நாள் விடுப்பு என எல்லாமே அந்த எண்படிதான்.

ஒவ்வொரு மாதமும் விமானிகள் தங்கள் விருப்பத்தைக் கணினியில் பதிவு செய்வார்கள். இதைத்தான் ‘பிட்டிங்’ என்கிறார்கள். முதல் எண் உள்ளவருக்குக் கேட்டது கிடைக்கும். கடைசி எண் உள்ளவருக்கு மிச்சம் மீதி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு சாப்பிடப் போவது யார், நள்ளிரவில் பறக்கப் போவது யார் என்பதை அந்த எண் முடிவு செய்கிறது.

கேட்கும்போது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது, பறக்க மாட்டேன்’ என்று சொல்லும் விமானியை, மேலாளர் நினைத்தால் அடுத்த மாதம் மோசமான ரோஸ்டர் கொடுத்துப் பழிவாங்க முடியாது. எண்ணை யாரும் மாற்ற முடியாதே!

அதற்கு விலையும் உண்டு. 20 வருஷம் கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால், அங்கே வரிசையில் கடைசி ஆள். ஆசியாவிலும் வளைகுடாவிலும் பல நிறுவனங்கள் வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன்களை எடுக்கின்றன. அதனால் இங்கே நிறுவனம் மாறுவது எளிது. ஆட்களைத் தக்க வைப்பதுதான் கஷ்டம்.

பெரியவர் ஆள் எடுத்தால், சின்ன ஊருக்கு விமானம் நிற்கும்

2009-இல் அமெரிக்காவில் கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக வேலை செய்யவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. கோவிட் காலத்தில் பெரிய நிறுவனங்கள் பலருக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தன. பயணிகள் திரும்பி வந்தபோது, வட்டார நிறுவனங்களின் விமானிகளை வேகமாக எடுத்தன. விளைவு? 2022 மார்ச் மாதம் ஸ்கைவெஸ்ட் என்ற வட்டார நிறுவனம், 29 சிறிய ஊர்களுக்கான சேவையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. சொன்ன காரணம், விமானிகள் பற்றாக்குறை.

இந்தியாவிலும் இதே கதைதான். 2023-இல் புதிய நிறுவனமான ஆகாசா ஏர்-இலிருந்து 43 விமானிகள், முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமலேயே விலகினார்கள். இந்திய விதிப்படி துணை விமானிக்கு 6 மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம் முன்னறிவிப்பு. நிறுவனம் நீதிமன்றம் போனது. பல விமானங்கள் ரத்தாயின.

2024 ஏப்ரலில் விஸ்தாராவின் முறை. ஏர் இந்தியாவுடன் இணையும் நேரத்தில் புதிய சம்பள ஒப்பந்தம் வந்தது. நிச்சயச் சம்பளம் 70 மணி நேரப் பறப்புக்குப் பதிலாக 40 மணி நேரத்துக்குத்தான் என்றானது. இணைந்த பிறகு சீனியாரிட்டி வரிசையில் நம் இடம் எங்கே என்ற கவலை வேறு. சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. பிறகு தினசரி சேவையில் சுமார் 10 விழுக்காட்டை நிறுவனமே குறைத்துக்கொண்டது.

சரி, மலேசியாவில்?

2024 ஆகஸ்டில் மலேசியா ஏர்லைன்ஸ் தன் பயணச் சேவைகளை ஆண்டிறுதி வரை தற்காலிகமாகக் குறைத்தது நினைவிருக்கும். அதே சமயத்தில் சிஏஏஎம் எனப்படும் மலேசிய வான் போக்குவரத்து ஆணையம், அதன் இயக்கச் சான்றிதழின் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஒரு வருஷமாகச் சுருக்கியது. அங்கே பெரிதாகப் பேசப்பட்டது விமானிகள் அல்ல, பராமரிப்புப் பிரிவில் திறன்பெற்ற ஆட்கள் விலகிப் போனது. நாற்காலி வேறு, சங்கிலி ஒன்றுதான். அனுபவசாலி ஒருவர் போனால், அவர் இடத்தை நிரப்பப் பணம் மட்டும் போதாது, காலம் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் நாம் பார்த்திருக்கிறோம். 2020-இல் மலிண்டோ, ஏர்ஏசியா எனப் பல நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தன. வேலை இழந்த ஒரு கேப்டன் சீருடையுடனேயே சுபாங்கில் மீ கடை போட்ட படம் உலகம் முழுக்கப் பரவியது. 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய மைஏர்லைன், 2023 அக்டோபர் 12 அன்று திடீரென்று நின்றது. ஆட்குறைப்பு என்று வந்தால், கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பதுதான் பொதுவான கொள்கை. விமானி பற்றாக்குறை என்று உலகமே பேசும் அதே தொழிலில்தான் இதுவும் நடக்கிறது.

நீங்கள் விமானி ஆக நினைத்தால்

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ எஸ்பிஎம் முடித்துவிட்டு மலாக்கா, கோத்தா பாரு, லங்காவி பயிற்சிப் பள்ளிகளைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பல லட்சம் ரிங்கிட் செலவு. அப்பா அம்மா வீட்டை அடமானம் வைக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

• பள்ளி முடித்த கடந்த இரண்டு தொகுதி மாணவர்களில் எத்தனை பேர் இப்போது விமான நிறுவனத்தில் பறக்கிறார்கள்? ‘உலகுக்கு இத்தனை லட்சம் விமானிகள் தேவை’ என்ற விளம்பரம் இதற்குப் பதில் ஆகாது.

• விமான வகைப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது? நிறுவனம் கட்டினால், எத்தனை வருஷம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம்? மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

• கேப்டன் பதவிக்கு வரிசை எப்படி? சேர்ந்த தேதியா, நிர்வாகத்தின் தேர்வா, வெளியாட்களையும் எடுப்பார்களா?

• நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்தால் உங்கள் எண் என்ன ஆகும்? அமெரிக்காவில் 2005-இல் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. யார் முன்னால், யார் பின்னால் என்ற சண்டை பத்து வருஷத்துக்கு மேல் நீண்டது.

நீங்கள் பயணி மட்டும்தான் என்றால்

நிறுவனம் ஆள் பற்றாக்குறை என்று சொல்வதால் உங்கள் உரிமை குறைவதில்லை. 2024 செப்டம்பர் 2 முதல், மலேசியாவில் விமானம் ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால், நீங்கள் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில், 30 நாட்களுக்குள் அது வர வேண்டும். வவுச்சரைக் கட்டாயப்படுத்த முடியாது. மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 முதல் சிஏஏஎம்-உடன் இணைந்துவிட்டதால், நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் இப்போது புகார் செய்ய வேண்டிய இடம் சிஏஏஎம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சென்னை–மதுரை போன்ற உள்நாட்டுப் பயணத்துக்கு இந்திய விதிகள்தான். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ போகிறீர்கள் என்றால், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு வாங்குங்கள்.