சில்லிசைக்குக் கதவடைப்போர் கவனத்திற்கு



ஆங்கிலத்தில் 'சிப்டியூன்' என்று வழங்குவதை நான் 'சில்லிசை' என எழுதுகிறேன். சில்லு எழுப்பும் இசை, ஆதலால் சில்லிசை. இதனினும் நல்ல சொல் இருப்பின் அறிஞர் பெருமக்கள் தெரிவிக்கலாம், மகிழ்வோடு மாற்றிக்கொள்வேன். பெயர் வைக்காத பிள்ளையை எந்த வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள் என்பதால் முதலில் பெயரிட்டுவிட்டு வழக்குக்கு வருகிறேன்.

வழக்கு இதுதான். கமுந்திங் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சில்லிசை அமைத்துப் பழகுகிறார்கள். வாரம் ஒருமுறை அவர்கள் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டும் என்று கேட்டுவருகிறேன். "அது வீடியோ விளையாட்டுச் சத்தம் ஐயா! அதற்கும் தமிழ்ப் பண்பாட்டுக்கும் என்ன உறவு?" என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்டது நல்லது. ஆனால் விடையைக் கேட்கும் பொறுமை அவர்களுக்கு இல்லாமற் போனதால் இங்கே எழுத வேண்டியதாயிற்று.

பழைய விளையாட்டுக் கருவிகளில் இசைப்பதற்கென்றே ஒரு சில்லு இருந்தது. 1982இல் வந்த காமடோர் 64 கணினியின் ஒலிச்சில்லுக்கு மூன்றே குரல்கள். 1989இல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம்பாய்க்கு நான்கு. அவற்றுள் இரண்டு சதுர அலைகள், ஒன்று நாமே வரைந்துகொள்ளும் அலை, மற்றொன்று வெறும் இரைச்சல். இந்த நான்கைக் கொண்டுதான் முழுப் பாட்டையும் கட்டவேண்டும். ஐந்தாவது குரல் கேட்டாலும் கிடைக்காது. 1990களின் இறுதியில் செருமனியின் ஆலிவர் விட்சோவ் 'நானோலூப்' என்ற நிரலையும், அவரையடுத்துச் சுவீடனின் யோகான் கோட்லின்ஸ்கி 'எல்எஸ்டிஜே' என்ற நிரலையும் எழுதினார்கள். அதன்பின் விளையாட்டுக் கருவி இசைக்கருவி ஆயிற்று.

இனி என் கேள்வி. நம் கோயில் வாசலில் நிற்கும் பெரிய மேளத்தில் எத்தனைக் குரல்கள்? நாகசுரம், ஒத்து, தவில், தாளம். நான்குதானே! ஒன்று பாடுகிறது, ஒன்று சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, மற்ற இரண்டும் காலத்தை அளக்கின்றன. சதுர அலையை நாகசுரமாகவும், வரைந்த அலையை ஒத்தாகவும், இரைச்சலைத் தவிலாகவும் வைத்துப் பாருங்கள். நான்கு குரலுக்குள் ஓர் ஊரையே எழுப்பிக் கூட்டிவரும் கலை நமக்குப் புதிதன்று. அதைப் புதிது என்று அஞ்சுகிறவர்கள் மேளத்தையும் கூர்ந்து கேட்டதில்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

இசைப்பாடம் தொடங்கும் எவரும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பயில்வார். முதல் வரிசையில் ஏறுவதற்கு எட்டுச் சுரம், இறங்குவதற்கு எட்டுச் சுரம், ஆகப் பதினாறு. எல்எஸ்டிஜேயில் ஓர் அடிக்கு உள்ள படிகளும் பதினாறே. படிவம் 2 பயிலும் மாணவன் ஒருவன் இதை எனக்குக் காட்டியபோது, இந்நிரல் நம்மவர்க்கென்றே வார்க்கப்பட்டதோ என்று ஒரு கணம் ஐயுற்றேன். உண்மையில் அது மேலைநாட்டு நான்கு தட்டு அளவுக்காக அமைந்தது. ஆயினும் மிசிர சாப்பு வேண்டுமென்றால் பதினான்கு படியோடு நிறுத்திக்கொள்ளலாம். படிகளை 0 முதல் 9 வரையிலும் அதன்பின் ஏ முதல் எஃப் வரையிலும் எண்ணுவார்கள். 'இ' என்னும் படியில் ஒரு தாவற் கட்டளையை இட்டால் இசை அடுத்த அடிக்குத் தாவிவிடும். ஏழின் கணக்கும் பதினாறடிமான எண்முறையும் ஒரே மாலையில் கைவந்துவிடுகின்றன. கணித ஆசிரியர்கள் என்மேல் பொறாமை கொள்ளட்டும்.

கமகம் எங்கே என்பீர்கள். நல்ல கேள்வி, இதில்தான் சாரம் இருக்கிறது. சில்லிசை நிரலில் ஒரு சுரத்தை எழுதினால் அது மரக்கட்டை போல நேராக நிற்கும். தோடியின் காந்தாரத்தை அப்படி நிறுத்தினால் அது தோடியாகாது. எனவே சுருதியை எங்கிருந்து தொடங்கி எங்கே வளைப்பது, எத்தனை விரைவில் அசைப்பது, எங்கே விடுவது என்று படிக்குப் படி கட்டளை எழுதவேண்டும். பாட்டு வகுப்பில் "அப்படியே பாடு" என்ற ஒரு சொல்லில் முடிந்துபோவதை இங்கே பிள்ளை தானே பகுத்துப் பார்க்கிறான். பத்து முறை தோற்று, பதினோராவது முறை தன் பாட்டியின் குரலை நினைத்துக்கொண்டு திருத்துகிறான். உருமியின் இடப்புறத் தோலை வளைகோலால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் இருக்கிறதே, அதையும் வரைந்த அலையில் வளைத்து எடுக்கலாம். இவ்வளவும் பண்பாட்டுக்கு வெளியே நிற்கிறதாம்!

"அயலார் பொருள்" என்று ஒரு குற்றச்சாட்டு. இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே வருகின்றன. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனமும் அங்கே வந்தது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டுத் தாமான்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய காலத்தில், பால்வாளி தூக்கிய பெண்களின் மகள்கள் தொழிற்சாலைப் பேருந்தேறி மின்னணு ஆலைகளுக்குப் போனார்கள். நுண்ணோக்கியின்மேல் குனிந்து குனிந்து, தலைமுடியினும் மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்திக் கண்பார்வையைத் தேய்த்துக்கொண்டார்கள். சில்லைச் செய்யும்போது அது நம்முடைய வேலை. அதே சில்லு பாடினால் மட்டும் அயலார் பொருளா? அந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் இன்று கதவடைக்கிறீர்கள்.

தமிழனுக்கும் கணினி இசைக்கும் தொடர்பே இல்லை என்பவர்கள் 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசையைக் கேட்டதில்லையா? இளையராஜா அதற்குக் கணினியைக் கொண்டு இசை அமைத்தார் என்பது ஊரறிந்த செய்தி. திரையில் வந்தால் மேதைமை, பக்கத்து வீட்டுப் பையன் செய்தால் இரைச்சல்!

ஆனால் நான் கேட்பது மேதைகளை அன்று. கூட்டத்தைக் கேட்கிறேன். கூட்டம் இல்லாவிட்டால் மேதையும் வீணாவான் என்பதற்குச் சான்று நம் பாரதத்திலேயே உண்டு. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மின்னணு இசைக்கூடத்தை நிறுவினார். அங்கே இந்தியர்கள் செய்த இசை ஒலிநாடாக்களில் உறங்கிக் கிடந்தது. 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. 1982இல் பம்பாயின் சரண்ஜித் சிங், ரோலண்டு நிறுவனத்தின் மின்னிசைக் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களைத் துள்ளல் தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பின்னாளில் உலகையே ஆட்டுவித்த 'ஆசிட் அவுசு' இசையின் சாயலை அதில் முன்னதாகவே கேட்கலாம் என்று இன்று வியக்கிறார்கள். அன்று வியப்பதற்கு ஆளில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் அவர் பெயர் பரவியது; 2015இல் மறைந்தார். கருவி இருந்தது, திறன் இருந்தது, இராகமும் இருந்தது. சுற்றியமர்ந்து கேட்டு, "இன்னும் ஒன்று செய்யுங்கள்" என்று சொல்லப் பத்துப் பேர் இல்லை.

மேலைநாட்டில் நடந்ததைப் பாருங்கள். நியூயார்க்கில் 'தி டேங்கு' என்ற சிறிய அரங்கமும் '8பிட்பீப்பிள்ஸ்' என்ற இசைஞர் குழுவும் சேர்ந்து 2006இல் 'பிளிப்' விழாவைத் தொடங்கின. அது தோக்கியோவுக்கும் ஆத்திரேலியாவுக்கும் போயிற்று. 2012 வரை நடந்தது. அரசு மானியத்துக்குக் காத்திருந்து அவர்கள் தொடங்கவில்லை; சிறிய அறை, சில ஒலிபெருக்கிகள், தவறாமல் வந்த நண்பர்கள். பின்லாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கணினி ஆர்வலர்கள் ஒன்றுகூடி நிரலாலேயே ஓவியமும் இசையும் படைக்கும் 'டெமோசீன்' என்னும் மரபை, 2020இல் தன் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 2021இல் செருமனியும் அவ்வாறே செய்தது. சில்லிசை அந்த மரபில் வளர்ந்த பிள்ளை. ஆக, பின்லாந்துக்காரன் மரபுரிமை என்கிறான். கமுந்திங்கில் சத்தம் என்கிறோம்.

நம் வட்டாரத்துப் பொது அமைப்பு ஒன்றிடம் சனிக்கிழமைப் பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஓர் அறையைக் கேட்டேன். மாதம் மூன்று ஓடின. இறுதியில் வந்த விடை: "விழாவாக நடத்துங்கள் ஆசிரியரே, சிறப்பு விருந்தினரை அழைப்போம், பதாகை அடிப்போம், பரிசு கொடுப்போம்." அந்தோ! ஒரு நாள் விழாவில் பொன்னாடை போர்த்தி, இருபது பேர் பேசி, பிள்ளைகள் ஐந்து நிமிடம் வாசித்து, தட்டில் பிரியாணி வாங்கிக் கலைந்துபோனால் அதற்குப் பெயர் இளைஞர் மேம்பாடு. ஐம்பது சனிக்கிழமை ஓசையின்றிக் கூடினால் அதற்குப் பெயர் இல்லை. நாளிதழில் படமும் வராது. நம்மிடம் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை, கூடுதலுக்குத்தான் பஞ்சம்.

தோட்டத்தில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. மாலையானால் கோயில் திண்ணை, பசனை, கோலாட்டம், உருமி, கபடித் திடல். யாரும் யாருக்கும் அழைப்பிதழ் கொடுக்கவில்லை. தோட்டம் சிதறியபோது வீடு போயிற்று, வேலை போயிற்று என்று கணக்கெடுத்தோம். திண்ணை போனதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் பையன் எங்கே உட்காருவான்? மாடிப்படியில் உட்கார்ந்தால் குண்டர் கும்பல் என்கிறோம். அறைக்குள் உட்கார்ந்தால் கைப்பேசிக்கு அடிமை என்கிறோம். பிறகு ஒருநாள் அவன் கமுந்திங் விரைவுப்பேருந்து நிலையத்தில் பையோடு நின்று கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறான். கமுந்திங் என்றால் மற்ற ஊர்த் தமிழர்க்குத் தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வருகிறது. 2007 திசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவரை உள்ளே வைத்தது இங்கேதான். அந்தச் சட்டமே 2012இல் நீக்கப்பட்டுவிட்டது. ஊரின் பெயருக்கு வேறொரு பொருள் சேர்ப்பதற்கு நாம் என்ன செய்தோம்?

தேர்வு கெட்டுவிடும் என்ற பழைய பல்லவியையும் சிலர் பாடுகிறார்கள். யூபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வு இருந்த காலத்திலும் '7ஏ' எடுத்த பிள்ளைக்கு மாலை போட்டுப் படம் எடுத்தோமேயன்றி, எடுக்காத பிள்ளை மாலை நேரத்தில் எங்கே போகிறான் என்று கேட்டதில்லை.

சில்லிசையில் நான் மிகவும் போற்றும் ஒரு பண்பை இங்கே சொல்லியாகவேண்டும். 1987இல் செருமானியர் கார்சுடன் ஒபார்சுகி அமிகா கணினிக்கு எழுதிய 'சவுண்டுடிராக்கர்' நிரலிலிருந்து ஒரு கோப்பு முறை கிளைத்தது. அதில் சுரக்குறிப்பும் கருவியின் ஒலியும் ஒரே கோப்பில் இருக்கும். பாட்டை வாங்கியவன் அதைத் திறந்து, எந்த இடத்தில் எதைச் செய்து அந்த ஒலியை எழுப்பினார்கள் என்று வரிவரியாகப் படிக்கலாம், மறைக்க வழியில்லை. கருவிகளின் பெயர் எழுதும் கட்டங்களில் நண்பர்களுக்கு வணக்கமும் வாழ்த்தும் எழுதி அனுப்புவது அவர்கள் வழக்கம். (அந்தக் கட்டங்களில் தமிழ் எழுத இயலாது என்பது என் நெடுநாள் வருத்தம். 1985இலேயே முத்து நெடுமாறன் இம்மண்ணில் முரசு மென்பொருளை உருவாக்கிய பெருமை நமக்குண்டு. இக்குறையையும் ஒரு தமிழ்ப் பிள்ளை தீர்ப்பான் என்று நம்புகிறேன்.) வித்தையின் கடைசி நுட்பத்தை மட்டும் மாணவனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் ஆசான்களை நாம் எல்லாரும் அறிவோம். அவர்களுக்கு இந்தக் கோப்பு முறை பிடிக்காமற்போவதில் வியப்பில்லை.

செலவும் பெரிதன்று. பழைய கேம்பாயைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'பாமிடிராக்கர்', 'பர்னசு' போன்ற நிரல்கள் இலவயமாகக் கிடைக்கின்றன, பழைய மடிக்கணினியிலேயே ஓடும். நான்கு மடிக்கணினிக்கு ஒன்றாக ஓர் ஒலிபெருக்கி போதும். வருகிறவன் தான் அமைத்ததை வாசித்துக் காட்டவேண்டும். முப்பது நொடியானாலும் சரி. மற்றவர்கள் முழுதும் கேட்கவேண்டும். கேட்டபின் கோப்பைத் திறந்துவைக்கவேண்டும். போட்டியும் பரிசும் கூடா. பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரும்படி ஐந்து மணிக்கு முடித்துவிடவேண்டும். மலாய், சீனப் பிள்ளைகள் வந்தால் வரவேற்கவேண்டும். தமிழில் பேசினால் அவர்களும் நான்கு சொல் கற்றுக்கொண்டு போவார்கள்.

பெரியவர்களே, உங்கள் மாடியறை ஆண்டில் எத்தனை நாள் திறக்கப்படுகிறது என்பதை உங்கள் வருகைப் பதிவேட்டிலேயே பாருங்கள். பதாகை வேண்டா, விருந்தினர் வேண்டா. மின்கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். கூட்டிப் பெருக்கிப் பூட்டிச் சாவியை மாலையே கொண்டுவந்து தருகிறோம். உங்களுள் ஒருவர், ஒரேயொரு சனிக்கிழமை, பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். அதன்பிறகும் இரைச்சல் என்று தோன்றினால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். என் வழியாகச் சொல்லியனுப்பாதீர்கள்.