கால் களைக்காத ஃபின்ஸ் எது?

சம்பளம் ஏறியதும் நம் பிள்ளைகளின் ஆசை ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்தது. அப்புறம் கைப்பேசிக்கு மாறியது. இப்போது கடலுக்குப் போய்விட்டது. நீண்ட விடுமுறை வந்தால் பெர்ஹெந்தியானுக்கோ தியோமானுக்கோ கிளம்புகிறார்கள். மூன்று நான்கு நாள் பயிற்சி முடித்து ஸ்கூபா சான்றிதழோடு வீடு திரும்புகிறார்கள். திரும்பியவர்களில் சிலர் எனக்கு அனுப்பும் முதல் குறுஞ்செய்தி இதுதான்: “அக்கா, சொந்தமா ஃபின்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?”

வானொலியில் ஒருமுறை கடலடிப் பயணம் பற்றிப் பேசியதன் பலன். கோலா குபு பாருவில் இருப்பவளிடம், சுற்றிலும் மலை நிற்கும் ஊர்க்காரியிடம், கடல் சாமான் பற்றிக் கேட்கிறார்களே என்று எனக்கே சிரிப்பு வரும். ஆனாலும் கேள்வி நியாயமானது. கடையில் ஒரு சோடி நூற்றைம்பது ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது, அதைப் போலப் பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. எல்லாப் பெட்டியிலும் ‘வேகம்’, ‘சக்தி’ என்றுதான் எழுதியிருக்கிறது.

நான் எல்லாருக்கும் சொல்லும் பதில் ஒன்றுதான். எது வேகமாகப் போகும் என்று கேட்காதீர்கள். ஐம்பது நிமிடம் கழித்து, நீரோட்டத்தை எதிர்த்துப் படகுக்குத் திரும்பும்போது எது உங்கள் காலைக் கைவிடாது என்று கேளுங்கள்.

வேகத்தின் விலை

கடலுக்கடியில் கைக்கு வேலை இல்லை. நல்ல முக்குளிப்பாளர்கள் கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு காலால் மட்டுமே நகர்வார்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதைத் தள்ளிக்கொண்டு போவது லேசான காரியமா? வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் தண்ணீர் நான்கு மடங்கு எதிர்க்கும். அந்த எதிர்ப்பை இரட்டை வேகத்தில் வெல்வதற்கு எட்டு மடங்கு சக்தி தேவை. சக்தி எங்கிருந்து வரும்? மூச்சிலிருந்து.

மூச்சுக்கோ அங்கே விலை அதிகம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சும் டேங்கிலிருந்து அத்தனை மடங்கு காற்றை எடுத்துக்கொள்ளும். இருபது மீட்டரில் மூச்சிரைப்பவரின் டேங்க், ஓட்டையான பானை மாதிரி காலியாகிவிடும். தப்பான ஃபின்ஸ் காலை மட்டும் வலிக்கவைப்பதில்லை. நம் நேரத்தையும், கூட வந்தவரின் நேரத்தையும் சேர்த்தே தின்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் பலகையைப் போல இரண்டு பலகை செய்து கையில் பிடித்துக்கொண்டு நீந்தினார். வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு களைத்துப்போனது என்று பிற்காலத்தில் எழுதி வைத்தார். காலுக்கும் செருப்புப் போல ஒன்று கட்டிப் பார்த்தார், அது அவருக்குத் திருப்தி தரவில்லை. நீந்தும்போது பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் தண்ணீரைத் தள்ளுகின்றன என்பதைக் கவனித்திருந்தார். மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு பையன் செய்த அந்தச் சோதனையைவிட நேர்மையான விமர்சனத்தை நான் எந்த விளம்பரத்திலும் படித்ததில்லை.

இன்று நாம் மாட்டிக்கொள்ளும் ரப்பர் ஃபின்ஸுக்கு 1933-இல் காப்புரிமை பெற்றவர் லூயி த கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பின்னர் ஓவன் சர்ச்சில் என்ற அமெரிக்கர் அதைத் தன் நாட்டில் தயாரித்து விற்றார். இரண்டாம் உலகப் போரில் நீருக்கடியில் வேலை செய்த வீரர்கள் அதை மாட்டிக்கொண்டார்கள்.

நம் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஃபின்ஸ் இல்லாமல், கல்லின் பாரத்தில் இறங்கி, கயிற்றின் உதவியோடு ஏறினார்கள். அதே கரையில் கடலட்டையும் சங்கும் எடுக்க மூச்சடக்கி மூழ்குபவர்கள், அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டி ஃபின்ஸாக்கிக்கொண்டார்கள். பெட்டியும் இல்லை, விளம்பரமும் இல்லை. தன் காலுக்கும் தன் கடலுக்கும் எது போதும் என்று தெரிந்தவர்களின் கைவேலை அது.

மூன்று சோடி, ஒரு குளம்

சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது என்று, நண்பர்களிடம் மூன்று வகை ஃபின்ஸை இரவல் வாங்கி நீச்சல் குளத்தில் ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டேன். முறை எளிது. ஸ்நோர்க்கல் மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், ஒரே தூரத்தை ஒவ்வொரு சோடியோடும் நீந்த வேண்டும். எத்தனை உதை என்று எண்ண வேண்டும். நின்றதும் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் கெண்டைக்கால் என்ன சொல்கிறது என்றும் கேட்க வேண்டும்.

முதல் சோடி, கனமான ரப்பர். குட்டையான அகல பிளேடு, நடுவில் தண்ணீர் வழிந்துபோகத் துவாரங்கள். 1960-களில் வந்த இந்த வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. குறைந்த உதையில் தூரம் கடந்தது இதுதான். தவளை மாதிரி காலை விரித்துச் சேர்க்கும் உதைக்கு அருமை. இருந்த இடத்திலேயே திரும்பலாம், பின்னால்கூட நகரலாம். ஆனால் மறுநாள் என் கணுக்கால் முணுமுணுத்தது. கனத்தால் பாதம் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. குளிர்நாட்டில் உடல் முழுக்கக் காற்று அடைத்த உடை அணிபவருக்கு அந்தக் கனம் உதவி. நம் வெதுவெதுப்பான கடலில் மெல்லிய உடையோடு இறங்குபவருக்கு அது பல நேரம் சுமை.

இரண்டாவது, பிளேடு நடுவில் இரண்டாகப் பிளந்தது. மாறி மாறி உதைக்கும் சாதாரண உதைக்குக் காலுக்கு மிக இதம். உதையின் எண்ணிக்கை கூடியது, களைப்பு கூடவில்லை. முட்டிவலி உள்ளவர்கள் சிலர் இதை விரும்புவதன் காரணம் புரிந்தது. ஆனால் தவளை உதைக்கு இது வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் நகரப் பார்த்தால், வாழையிலையால் படகு தள்ளிய மாதிரி இருந்தது.

மூன்றாவது, ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த, நடுத்தர விறைப்புள்ள சாதாரணப் பலகை வடிவம். எதிலும் முதலிடம் இல்லை, எதிலும் தோல்வியும் இல்லை. மறுநாள் காலில் வலியே தெரியவில்லை. என் காலுக்கு இதுதான் என்று முடிவு செய்தேன்.

வாரம் மூன்று நாள் பந்து விளையாடும் நண்பர் ஒருவர் முதல் சோடியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அவர் காலுக்கு அது சரி. இரண்டு பேரும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். வெறுங்காலில் செருப்புப் போல மாட்டும் முழுக்கால் வகை லேசானது. படகிலிருந்து நேராகக் குதிப்பவர்களுக்கும் ஸ்நோர்க்கல் செய்பவர்களுக்கும் போதும். குதிகால் திறந்து, பின்னால் பட்டையுள்ள வகைக்கு நியோப்ரீன் காலணி தனியாக வேண்டும். கல்லும் சிப்பியும் உள்ள கரையில் நடந்து இறங்க வேண்டியிருந்தால் இதுதான் பாதுகாப்பு. பட்டையில் ஸ்பிரிங் வகை இருந்தால் மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம்.

காலணியோடு சேர்த்து மாட்டிப் பாருங்கள். காலணி இல்லாமல் அளவு எடுத்த ஃபின்ஸ் கடலில் பொருந்தாது. விரல்களை அசைக்க முடிய வேண்டும். குதிகால் நழுவக்கூடாது. மேல்பாதத்தில் எங்காவது அழுத்தினால், கடையில் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளும் அந்த இடம் கடலில் ஐம்பது நிமிடத்தில் புண்ணாகும். உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்காலை நாலா பக்கமும் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமான ஃபின்ஸும் காலுக்கு மீறிய விறைப்பும் கெண்டைக்கால் பிடிப்புக்கு அழைப்பு விடுப்பவை.

அப்படிப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள்: ஃபின்ஸின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, முட்டியை மெல்ல நீட்ட வேண்டும். வாங்கப்போகும் சோடியின் நுனி உங்கள் கைக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பவளத்துக்கும் ஒரு வாக்கு

எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் சிலாங்கூர் ஆறு கோலா சிலாங்கூரில் கடலைச் சேரும்போது சேறும் சதுப்புமாக இருக்கும். மேற்குக் கரையின் கலங்கிய நீரை விட்டுவிட்டு நாம் முக்குளிக்கப் போவது பெரும்பாலும் கிழக்குக் கரைத் தீவுகளுக்கு. அங்கே நமக்கு அடியில் இருப்பது பவளம். குண்டு குண்டாக வளரும் பவள வகைகள் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். நீளமான பிளேடை விறுவிறுவென்று மேலும் கீழும் அடித்துக்கொண்டு போகும் ஒருவர், திரும்பிப் பார்க்காமலே இருபது வருட வளர்ச்சியை ஓர் உதையில் உடைத்துவிடலாம். உடைக்காவிட்டாலும் கிளம்பும் மணல் அதன்மேல் படிந்து மூச்சை முட்டும்.

அதனால்தான் தவளை உதைக்கு ஒத்துழைக்கும் ஃபின்ஸுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுகிறேன். அந்த உதையில் தண்ணீர் பின்னால் போகும். கீழே இருப்பதைக் கிளறாது. குளத்தின் தரைக்கு ஒரு முழம் மேலே நீந்தி, தரையைத் தொடாமல் கடக்க முடிகிறதா என்று பழகிப் பாருங்கள். அதில் தேறிய பிறகு தீவுக்குப் போனால் பவளமும் தப்பிக்கும், உங்கள் ஃபின்ஸும் கீறல்படாது.

நம் வீட்டு ரப்பர்

கெர்லிங், களும்பாங், கோலா சிலாங்கூர்ப் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. இன்று பல இடங்களில் செம்பனை நிற்கிறது. அந்தப் பாலில் பிறந்த பொருளை நாம் காலில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் வேடிக்கை பார்க்கப் போகிறோம். இப்போதைய ஃபின்ஸில் செயற்கை ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்திருந்தாலும், ரப்பரின் குணம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதற்கு வெயில் ஆகாது, எண்ணெய் ஆகாது.

எனவே, திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். காரின் பின்பகுதியில் நாள்கணக்கில் வேகவிடாதீர்கள். சுவரோரம் நுனியில் நிறுத்தினால் பிளேடு வளைந்துவிடும், படுக்கவைத்து வையுங்கள். பழைய சோடி வாங்குபவர்கள் பிளேடும் கால் நுழையும் பகுதியும் சேரும் இடத்தை வளைத்துப் பாருங்கள். அங்கே நூலளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம். பட்டையும் கொக்கியும் மாற்றக்கூடியவை. அந்த இணைப்பு அப்படியல்ல.

அவசரப்பட்டும் வாங்க வேண்டாம். முதல் சில பயணங்களில் முக்குளிப்பு நிலையத்தின் வாடகைச் சாமானையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வகை கேட்டு வாங்கி, கால் எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள். முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க். ஃபின்ஸ் அதற்கு அடுத்துதான்.

கடைசியாக, எங்கள் பக்கத்துக்கு வரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது ஃபின்ஸைச் சோதிக்கிறேன் என்று ஆற்றிலோ அருவிக் குளத்திலோ இறங்காதீர்கள். மேலே மலையில் மழை பெய்து ‘கெப்பாலா ஆயர்’ இறங்கினால் எந்த பிளேடும் எதிர்த்து நிற்காது. பாறைக்கு நடுவே ஃபின்ஸ் மாட்டிய காலால் ஓடவும் முடியாது. காவலர் இருக்கும் நீச்சல் குளத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் சில ரிங்கிட்தான். கூட ஒரு நண்பரை அழைத்துக்கொள்ளுங்கள், உதையை எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே!