முதலில் வந்ததற்கு முதல் கவளம்

மணிமுத்தாற்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை இம்மாதம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் இல்லத்தில் மணி என்றொரு நாட்டு நாய் பத்து ஆண்டுகளாக இருந்து வருகிறது. இன்று பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவர்களாம். இப்போது அதற்குக் காது மந்தம், கண்ணில் வெண்படலம். எனவே காவலுக்கு ஆகுமென்று வீட்டுத் தலைவர் ராஜபாளையத்து வெள்ளைக் குட்டியொன்றை வாங்கி வந்திருக்கிறார். குட்டி வாசற்படி ஏறிய நாள் முதல் மணி உறுமுகிறது. அது கிட்டே வந்தால் பல்லைக் காட்டுகிறது. இரண்டு நாள் சோற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விட்டது. "கிழ நாய்க்குப் பொறாமை பிடித்துவிட்டது, அதைப் பின்கட்டு வேலியோரம் கட்டிவிட்டால் தொல்லை தீரும்" என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. "அப்படிச் செய்ய என் மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?" என்று அச்சகோதரி வினவுகிறார்.

குடும்ப இதழில் நாயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வாயில்லா உயிர்களிடம் பரிவு காட்டுவது மனிதரின் கடமை என்றும், அதே வேளையில் ஏழை மனிதருக்குச் சேர வேண்டிய பொருளை அவற்றுக்காக வாரி இறைப்பது தகாது என்றும், 1992-ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஒருசேரக் கற்பிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நேர்வழியே நம் வழி. தோபித்து நூலில், இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்பட்டபோது நாயும் அவர்களுடன் சென்றது. திரும்பி வரும்போதும் பின்தொடர்ந்தது. மறைநூல் அந்த நாயைப் பற்றி வேறெதையும் விவரிக்கவில்லை. ஆயினும் அக்குடும்பத்தின் துன்ப நாளிலும் இன்ப நாளிலும் அதற்கும் ஓர் இடம் இருந்தது என்பதை அச்சிறு குறிப்பே காட்டிவிடுகிறது.

முதலில் அந்த வேலியைப் பற்றிச் சொல்லிவிடுவோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த மணிமுத்தாறு அணைக்குப் பின்னால் நிற்கும் மலை, 1988-ஆம் ஆண்டு முதல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாகப் பேணப்பட்டு வருகிறது. மலையடிவார ஊர்களில் இரவு வேளையில் சிறுத்தை இறங்கி ஆட்டையும் நாயையும் கவ்விச் செல்வது அவ்வட்டாரத்தார் யாவரும் அறிந்ததே. கட்டிப்போட்ட நாய் தப்பி ஓட இயலாது. காது மந்தமான நாய்க்குக் காலடியோசையும் கேளாது. ஆகவே மணியை இரவில் வேலியோரம் கட்டுவது, அதைச் சிறுத்தைக்குப் படையல் வைப்பதற்கு ஒப்பாகும். அவ்வூரில் முதிய நாயாயினும் இளங்குட்டியாயினும் பொழுது சாய்ந்ததும் கதவுக்குள் வந்துவிட வேண்டும். குட்டி வளர்ந்து பெரிதான பின்னும் இதுவே முறை.

"அப்படியானால் எங்காவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடலாமே" என்று யோசனை சொல்வோரும் உண்டு. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் இருக்கட்டும், பத்தாண்டு உண்டு உறங்கிய வீட்டைத் தேடிக் கண் தெரியாமல் அலையும் நாயின் நிலையை நினைத்துப் பார்ப்பவர் அந்த யோசனையைத் தாமே கைவிடுவர்.

இனி, பொறாமை என்ற சொல்லுக்கு வருவோம். நாய் தன் வீட்டைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால் அறிகிறது. தான் படுக்கும் சாக்கு, தன் சோற்றுத்தட்டு, தன் எசமானரின் செருப்பு ஆகிய ஒவ்வொன்றின் வாடையும் அதற்கு ஒரு நிலையான உறுதி. ஒரு நாள் திடீரென்று அந்நிய வாடையோடு ஓர் உயிர் உள்ளே வருகிறது. அதன் சாக்கில் படுக்கிறது. அதன் தட்டில் வாய் வைக்கிறது. காதைக் கடித்து இழுக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் தன்னைத் தாண்டிக் குட்டியிடம் ஓடுகிறார்கள். மூட்டு வலியோடு கிடக்கும் முதிய நாய்க்கு இவையெல்லாம் ஒரே நாளில் நேர்ந்தால் அது உறுமாமல் வேறு என்ன செய்யும்? "என் இடம் இன்னும் எனக்கு இருக்கிறதா?" என்று அது கேட்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்.

உறுமியதற்காக மணியை அடிக்கவே கூடாது. உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. "இதற்கு மேல் வராதே" என்று அது சொல்லும் சொல். அதை அடித்து அடக்கினால், உறுமாமலே கடிக்கும் நாயாக அது மாறிவிடக்கூடும். அம்மாற்றம் குட்டிக்கும் ஆபத்து, பிள்ளைகளுக்கும் ஆபத்து. உறுமியவுடன் குட்டியை அப்பால் அழைத்துக்கொள்வதே செய்யத்தக்கது. வளர்ந்த நாயின் குறிப்புகள் நான்கு மாதம் நிரம்பாத குட்டிக்குச் சரிவரப் புரிவதில்லை; ஆகையால் அது புரிந்துகொள்ளும் வரை நடுவில் நிற்க வேண்டியவர் மனிதரே.

குட்டி வந்து சில நாள் ஆகிவிட்டதே என்று மலைக்க வேண்டா. அறிமுகத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். குட்டி படுத்த துணியொன்றை மணிக்கு அருகில் போட்டு, அது தானாக முகர விடுங்கள். அதற்குப் பிடித்த உணவை அத்துணிக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். பின்னர் இரண்டையும் வீட்டுக்கு வெளியே, இருவருக்கும் சொந்தமல்லாத ஓர் இடத்தில் சந்திக்கச் செய்யுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருநாய்கள் நடமாடும் வெளியில் இறக்கக் கூடாதாகையால், வேறு நாய் இல்லாத உறவினர் வீட்டு முற்றம் நல்லது. மணியை ஒருவரும் குட்டியை ஒருவரும் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, சற்று இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் நிறுத்துவது நாய்களிடையே சவாலாகும். பக்கவாட்டில் நடப்பது தோழமையாகும். இரண்டும் உடல் தளர்ந்து வால் அசைத்தால் முகர்ந்துகொள்ள விடுங்கள். குட்டியைக் கையில் தூக்கி முதிய நாயின் முகத்தருகே நீட்டும் வழக்கத்தை அறவே விடுக. சில நிமிடங்களில் சந்திப்பை முடித்து, மறுநாள் தொடரலாம்.

வீட்டிற்குள் வருமுன் மணியின் எலும்பையும் தட்டையும் எடுத்து வைத்துவிடுங்கள். மணி முன்னே செல்ல, குட்டி பின்னே வரட்டும். சோறு இரண்டு தட்டுகளில், இரண்டு மூலைகளில், மணிக்கு முதலிலும் குட்டிக்குப் பின்னரும் வைக்கப்படட்டும். உண்டு முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிடுக. மணி படுத்து வந்த இடத்தைக் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். குட்டிக்கு வேறொரு சாக்கை வேறொரு பக்கத்தில் விரியுங்கள். குட்டி தாண்ட முடியாத ஒரு பலகைத் தடுப்பு இருந்தால், முதியது தன் விருப்பப்படி ஒதுங்கி இளைப்பாறும். நாள்தோறும் கால் மணி நேரமாவது குட்டி இல்லாமல் மணியோடு மட்டும் யாரேனும் நடந்து வரட்டும். முதல் சில வாரங்களுக்கு இரண்டையும் தனியே விட்டு வெளியே செல்ல வேண்டா. ஞாயிறு திருப்பலிக்குக் குடும்பமாகப் புறப்படும்போது குட்டியைத் தனி அறையில் விட்டுச் செல்லுங்கள்.

சோறு உண்ணாத மணியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம். முதிய நாய் உணவை மறுப்பதற்குப் பல்வலியோ வேறு நோயோ காரணமாயிருக்கலாம். மூட்டு வலிக்கு மருந்து கொடுத்ததும் சீற்றம் தணிந்துவிடுவதும் உண்டு. ராஜபாளையத்துக் குட்டியைப் பற்றியும் ஒரு குறிப்பு. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாட்டு நாய் இனங்களுள் இதுவும் ஒன்று. காவலுக்குப் பேர்போன இந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. குட்டி பார்க்காத வேளையில் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பவில்லையெனில் மணியின் உறுமல் அதற்குக் கேட்கவே கேட்காது. கேளாத குட்டியும் காது மந்தமான முதியதும் ஒன்றையொன்று திடுக்கிடச் செய்யாதபடி இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்கள் குட்டிகளை விரைவில் மாய்ப்பவை. ஆறு முதல் எட்டு வார வயதில் ஊசியைத் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாள்களில் தொடர வேண்டும். டிஸ்டெம்பர் ஊர் நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்கும் பரவக்கூடியதாகையால், காப்பகத்தின் வாசலில் வாழ்வோருக்கு இதில் இரட்டைப் பொறுப்பு உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்திலும், பின்னர் மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் போடுக. நாய்ச் சண்டையை விலக்கப் போய் யாருக்கேனும் பல் பட்டுவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "நம் வீட்டு நாய்தானே" என்ற அலட்சியம் வேண்டா. வெறிநோய் குறிகாட்டிய பின் அதற்கு மருந்தில்லை. குறிகாட்டுமுன் ஊசி உயிரைக் காக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் பிள்ளைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் குழந்தை பிறந்த வீட்டில் மூத்தது மீண்டும் படுக்கையை நனைப்பதும், மடியில் ஏறி அடம்பிடிப்பதும் நாம் காண்பவை அன்றோ? "பெரிய பிள்ளைக்கு வெட்கமில்லையா?" என்று அதட்டுகிறோம். அதுவும் மணி கேட்ட கேள்வியையே கேட்கிறது. யாக்கோபு தம் பிள்ளைகள் பலருள் யோசேப்புக்கு மட்டும் அழகிய அங்கி செய்து கொடுத்தார். அண்ணன்மார் நெஞ்சில் பகை மூண்டது. அவர்கள் செய்த கொடுமையை யாரும் நியாயப்படுத்த இயலாது. எனினும் அந்தத் தீயின் முதல் பொறி தந்தையின் கையிலிருந்து விழுந்தது என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

நம் ஆண்டவர் சொன்ன ஊதாரி மைந்தன் உவமையில் வேறொரு தந்தையைக் காண்கிறோம். இளையவன் திரும்பி வந்தான், விருந்து நடந்தது, மூத்தவன் கோபித்து வாசலுக்கு வெளியே நின்றான். தந்தை அவனை அதட்டவில்லை. வெளியே விட்டுக் கதவை அடைக்கவும் இல்லை. தாமே எழுந்து வெளியே சென்று, தம்முடையவை யாவும் அவனுக்கும் உரியவை என்று உறுதி கூறினார். வந்தவனுக்காக மூத்தவனின் பங்கு குறையவில்லை. புதியதை ஏற்கும் எந்த வீட்டிலும் நடக்க வேண்டியது இதுதான். புது மருமகள் வரும் வீட்டில் மாமியாருக்கும், பேரன் பிறந்த வீட்டில் பாட்டனாருக்கும் இந்த உறுதி தேவைப்படுகிறது. அதைச் சொல்லால் சொன்னால் மட்டும் போதாது. படுக்கும் இடத்திலும் பரிமாறும் முறையிலும் காட்ட வேண்டும்.

எத்தனை நாளில் இரண்டும் இணங்கும்? சில வீடுகளில் ஒரு வாரம். சில வீடுகளில் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். மணி உறுமிவிட்டு விலகிச் செல்வது தேறுதலின் அடையாளம். உடல் விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, ஓசையின்றிக் குட்டியையே உற்றுப் பார்ப்பது ஆபத்தின் அடையாளம். அப்போது உடனே பிரித்துவிடுக. காயம் உண்டாகும்படி கடித்தால் மருத்துவரின் ஆலோசனை வேண்டும். எவ்வளவு முயன்றும் இணங்காவிடின், குட்டியை விரும்பி ஏற்கும் வேறொரு நல்ல வீட்டைத் தேடுவதில் இழிவொன்றும் இல்லை. குட்டிக்குப் புது வீடு எளிதில் பழகும். மணிக்கு இனிப் பழகாது.

1962-ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் புனிதர் நிலைக்கு உயர்த்திய புனித மார்ட்டின் தெ போரஸை நாம் அறிவோம். பெரு நாட்டின் லீமா நகரத் துறவு மடத்தில் நோயாளரையும் ஏழைகளையும் பேணிய அவருடைய படங்களில் நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்பதைக் காணலாம். அது புனிதரின் வீட்டுத் தட்டு. நம் வீட்டில் தட்டு இரண்டாகவே இருக்கட்டும். முதல் கவளம் முதலில் வந்ததற்கு விழட்டும்.