எந்தக் காமாலைக்குக் கீழாநெல்லி?

புதுச்சேரியின் வீராம்பட்டினமானாலும் சரி, தமிழ்க் கரையோரத்தில் வேறெந்தக் குப்பமானாலும் சரி, ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையைப் பற்றியதாக இருக்காது. ‘கீழாநெல்லி கொடுத்தீங்களா?’ என்பதுதான். செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, கடலுக்குப் போகக் கூடாது. சில வாரங்களில் கண் வெளுத்துவிடும். மருந்து கேட்டது என்று ஊரே சொல்லும்.

மாற்று மருத்துவம் பலிக்கிறதா என்று பொதுப்படையாகக் கேட்டால் பதில்கள் கட்சி கட்டிக்கொண்டுதான் வரும். ஒருவர் சித்தர்களைத் துணைக்கு அழைப்பார், இன்னொருவர் போலி மருத்துவர்களை எடுத்துக்காட்டுவார். கீழாநெல்லியை மட்டும் எடுத்துக்கொண்டால் பேச்சுக்குப் பிடி கிடைக்கும். தமிழ்நாட்டிலேயே முறையாகச் சோதிக்கப்பட்டு, உலகின் முன் வைக்கப்பட்ட செடி அது.

1988இல் ‘லான்செட்’ இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி.தியாகராஜன் குழுவினரின் ஆய்வு வெளியானது. கட்டுரையாளர்களில் ஒருவர் பாரூக் பிளம்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த வைரஸை நெடுநாளாக உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று வாரத்துக்குள் பரிசோதித்தபோது, 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் இல்லை. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. இத்தகையவர்களில் தானாகவே அந்தப் புரதம் மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான் நடக்கும். அதோடு வைத்துப் பார்த்தால் இது அசாத்தியமான முடிவு.

நாட்டு மருத்துவத்தின் ஆதரவாளர்கள் இன்றும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். கதை நிற்கவில்லை. 1990இல் வெளியான தாய்லாந்துச் சோதனையில் அது பலிக்கவில்லை. வேறு நாடுகளிலும் சென்னை முடிவு அதே வலுவோடு திரும்பி வரவில்லை. செடி விளைந்த மண் வேறு, பதப்படுத்திய விதம் வேறு என்று காரணம் சொல்லப்பட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம். கீழாநெல்லியின் சாயலில் பல செடிகள் உண்டு. ஆனால் இடத்துக்கு இடம் பலன் மாறும் என்றால், அம்மியில் அரைத்த உருண்டையை நம்பிக் கல்லீரலை எப்படி ஒப்படைப்பது? 2011இல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் அமைப்பின் ஆய்வுரையும், வெற்று மருந்தைவிட இது மேல் என்று சொல்லப் போதிய சான்று காணவில்லை.

அப்படியானால் ஊர் கண்ட குணம் பொய்யா? குணம் மெய்தான். அதற்கான பெயர்தான் தவறான இடத்துக்குப் போகிறது. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் திடகாத்திரமானவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றிய பெரியவர்களில்கூட நூற்றுக்கு 95 பேரின் உடல் தானாகவே வைரஸை விரட்டிவிடுகிறது. இவர்களுக்குக் கீழாநெல்லிக்குப் பதில் கொத்தமல்லியைக் கொடுத்திருந்தாலும் கண் வெளுத்திருக்கும்.

பத்தியத்தின் கதை வேறு. தமிழ்நாட்டில் இல்லாத ஒன்று புதுச்சேரியில் உண்டு: அரசே ஏலம் விடும் சாராயக்கடை. குடித்துக் குடித்துக் கல்லீரல் வீங்கிய ஒருவரிடம் வைத்தியர், ‘மருந்து உள்ளே இருக்கும்போது சாராயம் தொட்டா விஷமாயிடும்’ என்று மிரட்டி வைத்தால் அவர் நிறுத்திவிடுகிறார். அந்த மிரட்டலுக்கு ஒப்பான ஒரு மருந்து அந்தக் கல்லீரலுக்கு இல்லை. ஆங்கில மருத்துவர் இதையே இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்புகிறார், காதில் ஏறுவதில்லை. நோயாளியை உட்காரவைத்துப் பேசும் நேரத்தை நாட்டு வைத்தியர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெயையும் மீனையும் அறவே விலக்குவதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடுவதே நல்லது.

சிக்கல், தானாக ஆறாத மஞ்சளில் இருக்கிறது. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். கணையத்தில் கட்டி வந்தாலும், எலிக்காய்ச்சல் முற்றினாலும் அப்படியே. ஹெபடைடிஸ் ஈ கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் உயிரையே வாங்கக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே மஞ்சள். இந்த நோயாளிகள் பச்சிலையை நம்பிக் காத்திருக்கும் வாரங்களுக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்கிறார். பிழைக்காதவர் வந்து சாட்சி சொல்வதில்லை.

பச்சிலைதானே, கெடுதல் என்ன வரப்போகிறது என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, வாதம் நீண்டது. செடிகளைச் சந்தேகிப்பது வேறு, ஒதுக்குவது வேறு. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் ஒரு சீன மூலிகையிலிருந்துதான் வந்தது. அதற்காக தூ யூயூ 2015இல் நோபல் பெற்றார். பழைய சுவடியில் குறிப்பு இருந்தது என்பதற்காக அல்ல, பிரித்தெடுத்து, சோதித்து, எங்கே செய்தாலும் பலிக்கும் என்று காட்டியதற்காக.

சித்த மருத்துவத்துக்கான மத்திய அரசு ஆராய்ச்சி நிலையமும் ஜிப்மரும் ஒரே ஊரில் இருப்பது புதுச்சேரிக்கு வாய்த்த வசதி. இரண்டும் சேர்ந்து கீழாநெல்லிச் சோதனையை இன்னொரு முறை, இன்னும் பெரிய அளவில், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நடத்தலாம். முடிவு எப்படி வந்தாலும் வெளியிட வேண்டும். அதுவரை நாட்டு வைத்தியர்களிடம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: கண் மஞ்சளித்து வருபவரை, கர்ப்பிணியானால் அன்றைக்கே, முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எந்தக் காமாலை என்று தெரிந்த பிறகு மோரில் கரைத்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்.