பூங்காவுக்கு வந்த பொம்மை

நவம்பர் கடைசியில் டோக்கியோ பூங்காக்களில் கிங்கோ மரங்கள் மஞ்சள் இலைகளைக் கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மரத்தடியில் நன்றாக வளர்ந்த ஒருவர் மண்டி போட்டோ, குப்புறப் படுத்தோ போனை நீட்டிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எதிரே ஸ்வெட்டர், தொப்பி சகிதமாக ஒரு பொம்மை நிற்கும். மகளுக்காக எடுக்கிறார் போல என்று நினைத்துவிட வேண்டாம். பொம்மை அவருடையதுதான்!

இந்தப் பழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு தோற்றுப்போன பொம்மையின் கதை இருக்கிறது. 1972-ல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 'பிளைத்' என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. சின்ன உடம்பு, பெரிய தலை, அதைவிடப் பெரிய கண்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் கயிறை இழுத்தால் கண்களின் நிறம் மாறும். மொத்தம் 4 நிறங்கள். ஆனால் கடைகளில் எடுபடவில்லை. ஒரே வருடத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

25 ஆண்டுகள் கழித்து, 1997-ல், நியூயார்க்கைச் சேர்ந்த வீடியோ தயாரிப்பாளர் ஜீனா காரனின் கைக்கு ஒரு பழைய பிளைத் வந்தது. போட்டோ எடுத்துப் பழக அதையே மாடலாக்கிக்கொண்டார். போகிற இடமெல்லாம் கூடவே கொண்டுபோய் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். 2000-ல் அவை புத்தகமாக வந்தன. அதே ஆண்டு ஜப்பானின் பார்கோ கடைகளின் விளம்பரத்தில் பிளைத் தோன்றியது. 2001-ல் ஜப்பானின் தகரா நிறுவனம் அதை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. குழந்தைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய பொம்மையைப் பெரியவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஜப்பானில் பொம்மை வெறும் பிளாஸ்டிக் அல்ல. புதிதாக ஒன்று வாங்கினால் 'வரவேற்றேன்' என்ற பொருளில்தான் பொம்மைப் பிரியர்கள் சொல்வார்கள். டோக்கியோவின் உவெனோ பூங்காவுக்குள் கியோமிசு கன்னோன் கோயில் இருக்கிறது. குழந்தை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், பிறந்த குழந்தைக்கு ஈடாக அங்கே ஒரு பொம்மையைச் செலுத்துவார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 25 அன்று, பிரார்த்தனை செய்து அந்தப் பொம்மைகளை நெருப்பில் வழியனுப்புகிறார்கள்.

சரி, ஏன் இலையுதிர்காலம்? முதல் காரணம் வெளிச்சம். நவம்பர் கடைசியில் டோக்கியோவில் நடுப்பகலில்கூட சூரியன் வானத்தின் பாதி உயரத்துக்கு ஏறாது. மாலை நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். சாய்வாக விழும் அந்த வெயில், பொம்மையின் முகத்தில் கண்குழி நிழல் விழாமல் காப்பாற்றுகிறது. இரண்டாவது காரணம் இலைகள். பிளைத் சுமார் 28 செ.மீ. உயரம். அதன் கையில் ஒரு மேப்பிள் இலையைக் கொடுத்தால் விசிறி அளவுக்குத் தெரியும். அதைப் பார்த்ததுமே நாமும் பொம்மையின் உலகத்துக்குள் போய்விடுகிறோம்.

இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. உங்கள் போனே போதும். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்:

* மேலிருந்து எடுத்தால் அது பொம்மையாகவே தெரியும். அதன் கண் மட்டத்துக்கு நீங்கள் இறங்குங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு இன்னும் பக்கத்தில் வரும்.
* கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். போர்ட்ரெய்ட் மோடு சில சமயம் தலைமுடியின் ஓரத்தையும் மங்கலாக்கிவிடும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.
* வெயில் பொம்மையின் பின்னாலிருந்து வந்தால் தலைமுடி ஓரம் மின்னும்.
* தலை கனமான பொம்மை தானாக நிற்காது. சின்ன ஸ்டாண்டு வைத்து, அதைச் சருகுகளால் மறைத்துவிடுங்கள்.
* ஈரமான சருகு துணியில் கறையாகும். ரெசின் பொம்மையை நீண்ட நேரம் வெயிலில் வைத்தால் மஞ்சளடிக்கும்.

இலையைப் பறிக்காதீர்கள்; உதிர்ந்ததே ஏராளம். நடைபாதையை அடைக்காதீர்கள். அடுத்தவர் வீட்டுக் குழந்தைகள் பின்னணியில் விழுந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். ஆசையாக ஓடிவரும் குட்டிகளுக்கு, தொடலாமா கூடாதா என்பதை முதலிலேயே அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

'இந்த வயசுல பொம்மையா?' என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால், வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கும் ஒருவரை இந்தப் பொம்மை பூங்கா வரைக்கும் கூட்டிவரலாம். 'நீங்களே தைத்த சட்டையா?' என்று யாரோ கேட்க, ஒரு பேச்சு தொடங்கலாம். அடுத்த முறை பூங்காவில் அப்படி ஒருவரைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகாமல், எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார்.