கடலைக் காப்பாற்றாத நீச்சலுடை

பிள்ளைக்கு நீச்சலுடை வாங்கும்போது மீள்சுழற்சி நூலில் தைத்ததாகப் பார்த்து வாங்கினால் கடலுக்கு ஒரு நன்மை செய்தாகிவிட்டது என்ற நம்பிக்கை நம்மவர் மத்தியில் ஆழமாக ஊன்றிவிட்டது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் அதற்குக் கூடக் காசு கொடுக்கிறார்கள். ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்களோடு அந்த உடுப்பும் அந்த நம்பிக்கையும் எங்கள் முல்லைத்தீவின் நாயாற்றுப் பாலத்தடிக்கு வந்து சேருகின்றன. இங்குள்ள பெற்றோரும் அதைக் கேட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கை பிழை. நல்ல மனதிலிருந்து பிறந்த பிழை என்பதால்தான் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. அதனாலேயே அதை அழுத்தமாக மறுக்கவும் வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் எங்கள் நாட்டில் எப்படி வளர்ந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2019 உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கைத் துடுப்பாட்ட அணி அணிந்த சீருடை, கரையோரத்தில் பொறுக்கிய பிளாஸ்டிக்கிலிருந்து மாஸ் நிறுவனம் செய்தது. நாடே அதைக் கொண்டாடியது. குப்பை சீருடையாகிறது, சீருடை பெருமையாகிறது என்ற கதை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதற்குப் பல ஆண்டு முன்னரே, 2011இல், இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் பழைய மீன்வலை, பழைய கம்பளம், ஆலைக் கழிவு ஆகியவற்றிலிருந்து எகோனில் என்ற நைலோன் நூலைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. இன்று விலையுயர்ந்த நீச்சலுடைகள் பலவற்றில் இருப்பது அந்த நூல்தான். அந்தப் பட்டியலில் மீன்வலை ஒன்று மட்டுமே. ஆனால் விளம்பரத்தில் எப்போதும் முன்னுக்கு நிற்பது அந்த மீன்வலைதான்.

முதலில் போத்தலைப் பற்றிப் பேசுவோம். மலிவான மீள்சுழற்சி நீச்சலுடை பெரும்பாலும் பொலியெஸ்டர். உலகில் விற்கப்படும் மீள்சுழற்சிப் பொலியெஸ்டரில் ஏறக்குறைய 98 வீதம் குடிநீர், சோடாப் போத்தல்களை உருக்கி எடுத்தது. பழைய உடுப்பிலிருந்து வந்த நூல் அதில் மிகமிகச் சொற்பம். போத்தலை உருக்கினால் மறுபடி போத்தல் செய்யலாம், அதையும் திரும்ப உருக்கலாம். அதே போத்தலை நூலாக்கி, ஐந்தில் ஒரு பங்கு லைக்ரா கலந்து, சாயம் ஏற்றி, நீச்சலுடையாகத் தைத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். பொலியெஸ்டரையும் லைக்ராவையும் பிரித்தெடுக்கும் வசதி சாதாரணக் குப்பைத் தொகுதி எதிலும் இல்லை. லைக்ரா வெயிலிலும் குளோரினிலும் தளரும். இரண்டு வருடத்தில் உடுப்புத் தொங்கிப்போகும், பிள்ளையும் வளர்ந்துவிடும். பிறகு அது போகும் இடம் குப்பைமேடு அல்லது நெருப்பு. சுழற்சி என்று பெயர் பெற்ற இந்தப் பயணம் உண்மையில் ஒருவழிப் பாதை.

கடைச் சீட்டில் இன்னொரு சொல்லும் இருக்கும்: கடலை நோக்கிச் செல்லும் பிளாஸ்டிக். வாசிப்பவர் மனதில் கடலுக்குள் குதித்து அள்ளிய காட்சி எழும். இத்துறையில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வரையறை வேறு. கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள், சரியான குப்பை சேகரிப்பு இல்லாத இடத்தில் கிடந்தால் போதும், அது கடலை நோக்கிச் செல்லும் பிளாஸ்டிக். அப்படியானால் ஒட்டுசுட்டான் சந்தியில் எறிந்த போத்தலும் அதற்குள் அடங்கும், மாங்குளத்தில் எறிந்ததும் அடங்கும். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துத் தெருப் போத்தல் முழுவதையும் கடல் பிளாஸ்டிக் என்று சீட்டு ஒட்டி விற்கலாம். அதில் ஒன்றுகூட உப்புநீரைக் கண்டிருக்க வேண்டியதில்லை. வீதியில் கிடக்கும் போத்தலைப் பொறுக்குவது நல்ல வேலைதான். அந்த வேலைக்குக் கடலைக் காப்பாற்றிய பெயரைச் சூட்டுவதுதான் பொய். சீட்டுக்குள்ளும் அளவு பார்க்க வேண்டும். ரீசைக்கிள்ட் கிளெய்ம் ஸ்டாண்டர்ட் என்ற சான்றுக்குப் பொருளில் 5 வீதம் மீள்சுழற்சி இருந்தால் போதும். குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட் முத்திரையை உடுப்பில் பொறிக்க 50 வீதம் வேண்டும். இரண்டும் சீட்டில் பச்சையாகத்தான் தெரியும்.

இனி வலை. நாயாற்றைப் பற்றிப் பேசிவிட்டு வலையைப் பேசாமல் போக முடியாது. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போகும் வீதியில், அளம்பிலும் செம்மலையும் தாண்டி, களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது இந்த இடம். இங்கே கரைவலை இழுக்கிறார்கள், படகில் போய்ச் செவுள்வலை விடுகிறார்கள், களப்புக்குள் இறால் பிடிக்கிறார்கள். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கிருந்து தொழிலாளர் வந்து வாடி போடுகிறார்கள். இந்தக் கரை யாருடையது, யார் தொழில் செய்யலாம் என்பது பல வருட வழக்கு. 2018 ஆகஸ்டில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் இங்கே எரிக்கப்பட்டன. கடலுக்கு இத்தனை உரிமைக்காரர் இருக்கும் கரையில், கிழிந்த வலைக்கு உரிமைக்காரர் ஒருவரும் இல்லை. தைத்துத் தைத்துப் பார்த்து இனி முடியாது என்றதும் அது மணலில் புதைகிறது, அல்லது அடுப்புச் சாம்பலோடு எரிகிறது, அல்லது அலை இழுத்துக்கொண்டு போகிறது. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையின் கதி இன்னும் மோசம். அதை வைத்திருப்பதே குற்றம் என்பதால் எவரும் கொண்டுவந்து கையளிக்கமாட்டார்கள்.

எகோனில் போன்ற நூலுக்குத் தேவை நைலோன் 6 என்ற ஒரு வகை மட்டும். அதை இரசாயன முறையில் உடைத்துக் கப்ரோலாக்டம் ஆக்கி, மீண்டும் நைலோன் செய்கிறார்கள். நல்ல தொழில்நுட்பம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு வலை சுத்தமாக வர வேண்டும். ஈயக்குண்டு கழற்ற வேண்டும், மிதவை வெட்ட வேண்டும், பொலித்தீன் கயிற்றைப் பிரிக்க வேண்டும், மணலும் சிப்பியும் போகக் கழுவ வேண்டும். பிறகு கட்டி, ஏற்றி, கப்பலில் அனுப்ப வேண்டும். இந்த வேலை முழுவதும் கைவேலை. ஒழுங்கான துறைமுகமும் பெரிய கப்பல் தொழிலும் மீன் வளர்ப்புக் கூடுகளும் உள்ள நாடுகளில் ஒரே வகை வலை தொன்கணக்கில் ஒரே இடத்தில் கிடைக்கும். அங்கிருந்து எடுப்பது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். நாயாற்றில் பாறையில் சிக்கி, ஆமையையும் மீனையும் பிடித்து வைத்துக்கொண்டு கிடக்கும் துண்டு வலையை எடுக்கச் செலவு கூட, கிடைக்கும் நைலோன் கொஞ்சம். ஆகவே கடலில் எடுத்தது என்று சொல்லிப் பிள்ளையின் உடலில் ஏறும் வலை பெரும்பாலும் கடலுக்குள் மிதந்த வலையே அல்ல. தொழில் செய்து ஓய்ந்து கரையில் கட்டி வைத்த வலை.

உடுப்பு கடலுக்குத் திருப்பிக் கொடுப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். நைலோனோ பொலியெஸ்டரோ, புதியதோ மீளெடுத்ததோ, கழுவும்போது நுண்ணிழை உதிரும். 2017இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வெளியிட்ட அறிக்கை, கடலில் நேரடியாகச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் 35 வீதம் செயற்கை உடுப்புகளைக் கழுவுவதால் வருவது என்று கணித்தது. நீச்சலுடை செயற்கைக் கம்பளிச் சட்டை அளவு உதிர்ப்பதில்லை என்பது உண்மை. அதற்கு மெசின் வேண்டாம், உப்புப் போகக் குளிர்ந்த கிணற்று நீரில் அலசி நிழலில் போட்டால் போதும், உதிர்வதும் குறையும், லைக்ராவும் நீடிக்கும். ஆனால் மீள்நூல் என்பதற்காக அது உதிராமல் விடாது. போத்தலாக இருந்தபோது ஒரு துண்டாகக் கிடந்து, பொறுக்கக் கைக்கு எட்டிய பிளாஸ்டிக், உடுப்பானதும் எவராலும் பொறுக்க முடியாத இழையாகிறது.

காபன் குறைவுதானே என்று கேட்பார்கள். குறைவுதான். எண்ணெயிலிருந்து புதிதாக நைலோன் செய்வதைவிடப் பழையதை மீட்டெடுக்கச் சக்தி குறைவாகவே செலவாகும். புதிது வாங்கியே ஆக வேண்டிய பிள்ளைக்கு, விலையும் தரமும் ஒத்துவந்தால், மீள்நூல் உடுப்பை வாங்குவதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கெடுதி குறைந்த பொருள் நன்மை செய்யும் பொருள் ஆகிவிடாது. ஏற்கெனவே அலுமாரிக்குள் கிடக்கும் நீச்சலுடைக்குப் புதிதாக ஒரு கிராம் நூலும் தேவையில்லை. எந்தப் பச்சைச் சீட்டும் அதற்கு நிகராகாது. போன வருடத்து உடுப்பு இன்னும் நன்றாக இருக்க, பழைய நைலோன் கூடாது என்று அதை எறிந்துவிட்டுச் சூழல் நட்பு உடுப்பு வாங்கும் தாய் தகப்பன் கடலுக்குக் கூடுதல் பாரமே ஏற்றுகிறார்கள்.

இதை வன்னிக்கு எவரும் வந்து கற்றுத்தரத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் படித்தவர்கள் நாங்கள். அண்ணனின் காற்சட்டை தம்பிக்கும், அக்காவின் சட்டை தங்கைக்கும், பிறகு பக்கத்து வீட்டுக்கும் போயிற்று. வறுமை கட்டாயப்படுத்தியதைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. ஆனால் போர் முடிந்து கையில் கொஞ்சம் காசு வந்த பிறகு, பிறர் போட்ட உடுப்பைப் பிள்ளைக்குப் போடுவது வெட்கம் என்றாகிவிட்டது. வெளிநாட்டு உறவுகளும் பாவித்த உடுப்பைக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, புதியதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதைத் திரும்பக் கொண்டுபோய் அங்கே எறிகிறார்கள். இந்த வெட்கத்தை உடைத்தால் மீள்சுழற்சி முத்திரை செய்யாததைச் செய்யலாம்.

ஏனென்றால் நாயாற்றுப் பிள்ளைகளுக்கு நீச்சலுடை உண்மையாகவே தேவைப்படுகிறது, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு. பையன்கள் காற்சட்டையோடு இறங்கிவிடுவார்கள். பெண்பிள்ளை முழுச் சட்டையோடும் சுடிதாரோடும் இறங்குகிறாள். நனைந்த பருத்தி கனக்கும், காலைச் சுற்றும், நீந்த விடாது. அதனால் அவள் முழங்கால் நீரோடு நின்றுவிடுகிறாள், நீந்தப் பழகுவதுமில்லை. 2004 சுனாமி முல்லைத்தீவுக் கரையை அழித்துப்போன பிறகு பிள்ளைகளைக் கடலுக்கு விடவே அஞ்சிய தாய்மார் பலர். கடற்கரையில் பிறந்து நீச்சல் தெரியாமல் வளரும் பிள்ளைகள் அந்த அச்சத்தின் வாரிசுகள். முழுக் கையும் கணுக்கால் வரை காலும் மூடிய நீச்சலுடை, வெயிலையும் தடுக்கும், பெற்றோரின் கூச்சத்துக்கும் பதிலாக இருக்கும். லண்டன் பிள்ளைக்குச் சிறுத்துப்போன அப்படியொரு உடுப்பு செம்மலைப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடம் பாவிக்கும். இங்கிலாந்துப் பாடத்திட்டப்படி ஆரம்பப் பள்ளி முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் 25 மீற்றர் நீந்தப் பழக வேண்டும். அதே குடும்பத்தின் வன்னிக் கிளைக்கு அப்படி ஒரு விதி இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை. ஆகவே பிள்ளையின் நீச்சலுடையில் முதலில் பார்க்க வேண்டியது நூல் எங்கிருந்து வந்தது என்பதல்ல, நிறம். அமெரிக்காவில் நீர்ப்பாதுகாப்பு நிறுவனம் ஒன்று பல நிறத் துணிகளைத் தடாகத்திலும் ஏரியிலும் இறக்கிப் படமெடுத்துக் காட்டியது. பளிச்சென்ற செம்மஞ்சளும் மஞ்சளும் பச்சையும் கலங்கிய நீரிலும் தெரிந்தன. நீலமும் சாம்பலும் மறைந்தே போயின. சூழல் நட்பு உடுப்புகளை விற்பவர்களுக்குப் பிடித்த நிறங்களோ கடல்நீலம், மணல் நிறம், பாசிப்பச்சை. இயற்கையின் நிறம் என்று சொல்லி விற்கிறார்கள். முகத்துவாரத்தில் களப்பு நீர் கடலுக்குள் பாயும் இடத்தில், சேறு கலந்த இழுவை நீரில் ஒரு பிள்ளை தவறினால், அந்த நிறம் உடுத்த பிள்ளையைக் கரையில் நிற்பவர் காணமாட்டார்.

கடலின் பாரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. அதில் இருந்த பிளாஸ்டிக் மணி சுமார் 1,680 தொன். ஒரு சிறுவர் நீச்சலுடை 100 கிராம் என்று வைத்தால், அந்த ஒரே கப்பலின் மணி 1 கோடியே 68 இலட்சம் நீச்சலுடைகளின் எடை. எத்தனை தாய்மார் எத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வாங்கினாலும் அதை ஈடு செய்ய முடியாது. அந்தக் கடனைத் தீர்க்கும் வழி உடுப்புக் கடையில் இல்லை என்பதை 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் காட்டியது: கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2021 மார்ச் 31 முதல் சின்ன சஷே பைக்கற்றுகளைத் தடை செய்ததும் சட்டம்தான். செய்தவனையும் விற்றவனையும் பொறுப்பாக்கும்போது கடலில் மாற்றம் வருகிறது. மீள்சுழற்சி நீச்சலுடையின் பெரிய தீமை இங்கேதான்: கேள்வியை உற்பத்தியாளரிடமிருந்து எடுத்துத் தாயின் கைப்பைக்குள் வைத்துவிடுகிறது. காசு கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்று அவளும் பேசாமல் இருந்துவிடுகிறாள்.

நாயாற்றுக்குத் தேவையானது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. வலை விற்கும் கடை, புது வலைக்குக் காசு வாங்கும்போது ஒரு முற்பணம் பிடித்து, கிழிந்ததைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கட்டும். முன்பு கண்ணாடிச் சோடாப் போத்தலுக்கு எல்லாக் கடையும் அதைத்தான் செய்தது. தங்கூசி வலையைக் கையளிப்பவரிடம் வழக்குப் போடாமல் வாங்கக் கடற்றொழில் திணைக்களம் சில நாட்களை ஒதுக்கட்டும். கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை பாலத்தடியில் வலைக்கென்று ஒரு கொட்டகை போடட்டும், வாடி யாருடையது என்று பாராமல் எல்லோரிடமும் வாங்கட்டும். விடுமுறை மாதங்களில் முகத்துவாரத்துக்கு ஓர் உயிர்காப்பாளரை நிறுத்தட்டும். கூடக் காசு கொடுத்துப் பச்சைச் சீட்டு வாங்கத் தயாராக இருக்கும் உறவுகள் அந்தக் காசை இவற்றில் ஒன்றுக்குக் கொடுக்கட்டும், கொடுத்துவிட்டு அடுத்த ஆவணியில் வந்து கொட்டகையில் எத்தனை கிலோ வலை சேர்ந்தது என்று கணக்குக் கேட்கட்டும்.