சூடான் கொடுத்த பவுனும் நம் வயிற்றில் அடித்த பவுனும்



கடக்வாஸ்லா ஏரிக்கரையில், தேசியப் பாதுகாப்பு அகாடமியின் குவிமாடக் கட்டிடத்துக்கு 'சூடான் பிளாக்' என்று பெயர். காரணம் கேட்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தாலியரோடு போரிட்டு மடிந்த இந்தியச் சிப்பாய்களின் நினைவுக்காக 1941-ல் சூடான் அரசு 1 லட்சம் பவுன் கொடுத்தது. பிரிவினைக்குப் பின் நம் பங்கு 70,000. சூடானும் அன்று வெள்ளையன் பிடியில் இருந்த நாடுதான். அடிமை வீட்டுப் பணம் அடிமை வீட்டுப் பிள்ளைக்கு!

நாம் பேச வந்தது வேறு கணக்கு. "போர்ச் செலவில் பெரும்பங்கை இங்கிலாந்தே ஏற்றதே, பேசி வாங்கினோமே" என்று நம் சங்கக் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் சொன்னார். வயதுக்கு மரியாதை, சொல்லுக்கு மறுப்பு.

'வாங்கினோம்' என்றால் யார்? 1939-40 உடன்பாட்டை இந்தியாவுக்காகப் பேசிய நிதி உறுப்பினர் ஜெரமி ரெய்ஸ்மன் வெள்ளையர். எதிரே உட்கார்ந்தவரும் வெள்ளையர். நம்மைக் கேளாமல் போரில் இழுத்தார்கள் என்று சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்ததும் அதே 1939-ல்தான். சமாதான காலத்து ராணுவச் செலவு, அதன்மேல் விலையேற்றம், 'இந்தியாவின் சொந்த நலனுக்கான' போர்ச் செலவு, வெளிநாடு சென்ற படைக்கு 1 கோடி ரூபாய்: இவை நம் தலையில். மிச்சம் லண்டன் தலையில்.

லண்டன் ரொக்கமா கொடுத்தது? தன் ஏட்டில் ஸ்டெர்லிங் பாக்கி என்று எழுதிக்கொண்டது. அந்தச் சீட்டை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. அந்த நோட்டு நம் அரிசியையும் துணியையும் ராணுவத்துக்கு வாங்கியது. நோட்டு பெருகியது, சரக்கு சுருங்கியது, விலை ஏறியது. கூலிக்காரன் வீட்டு உலைதான் அந்தக் கடனைக் கொடுத்தது. 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டதற்கு இதுவும் ஒரு காரணம். சரக்கு புக்கிங் ஜன்னலில் உட்காரும் எங்களுக்குத் தெரியும்: வண்டி போனபின் ரசீதை வைத்து உலை வைக்க முடியாது.

போர் முடிந்தபோது பாக்கி சுமார் 130 கோடி பவுன். சர்ச்சில் அதற்கும் எதிர்க்கணக்கு காட்டப் பார்த்தார், அது பலிக்கவில்லை. ஆனால் 1947 ஆகஸ்ட் உடன்பாட்டில் உடனே எடுக்க விட்டது 6.5 கோடி பவுன். நம் பணத்தை நாமே எடுக்க அவர்கள் அனுமதி! 1948-ல், விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கென்று 10 கோடி பவுன் கழித்தார்கள். வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்கு இன்னும் சுமார் 16.8 கோடி. 1949-ல் பவுனின் மதிப்பையே டாலருக்கு எதிராகக் குறைத்தார்கள்.

பெரியவரின் பேச்சு ஆண்டு மலரில் வரப்போகிறதாம். வரட்டும். எதிர்ப்பக்கத்தில் இந்தக் கணக்கும் அச்சாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு செயற்குழு; பெண்களும் வந்து கை தூக்க வேண்டும்.